அறிவியல் செய்முறைத் தேர்வில் மாணவரின் கேள்விக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வுக்கான ஆயத்தங்கள் பள்ளிகளில் தொடங்கிவிட்டன. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குவதும், ஒவ்வொரு சோதனையின் கீழும் 'முடிவு' என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்வதும் இந்த மாதங்களில் வழக்கமாக நடப்பவை. புதுக்கோட்டை மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். சின்ன வகுப்புகளில் ஓயாமல் கேள்வி கேட்ட பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் வாய் மூடிப்போகிறது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் வருந்துவதைத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். அந்த ஆர்வம் தானாக வற்றுவதில்லை. அதை வற்றச் செய்யும் பழக்கங்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் என்னிடமும் இருந்தன என்பதால், எனக்கு நேர்ந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனையை அறியாதவர் இருக்க முடியாது. சுடர் அணைந்ததும் தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அது இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, ஏறிய உயரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, காற்றில் ஆக்சிஜன் இருக்கும் அளவும் அதுவே என்று பல கைடுகளில் அச்சிட்டிருந்த விளக்கத்தையே 11 ஆண்டுகள் நானும் வகுப்பில் சொல்லிவந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பில், தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மையைக் கலந்து அதே சோதனையைச் செய்துகாட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது, ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், மெழுகுவத்தி எரியிறப்ப தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்சதுக்கு அப்புறம்தான் விறுவிறுன்னு ஏறுது. ஆக்சிஜன் எரியிறப்பதானே தீரணும்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அதைவிட, 11 ஆண்டுகளாக என் கண்முன் நடந்த ஒன்றை நான் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. "பாடம் முடிக்க வேண்டும், உட்கார்" என்று சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு. அன்று அதைச் சொல்ல நா எழவில்லை. "எனக்கும் தெரியவில்லை, இன்னொரு தடவை செய்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். நாற்பது தலைகளும் மேசையைச் சுற்றிக் குவிந்தன. டம்ளரைக் கவிழ்க்கும் நொடியில் அதன் விளிம்பின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வெளியேறுவதை ஒரு பையன்தான் முதலில் கண்டு சொன்னான். ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை ஏற்றினால் என்ன ஆகும் என்று மறுநாள் இன்னொருத்தி கேட்டாள். மூன்றை ஏற்றியபோது தண்ணீர் முன்னைவிட நன்றாக உயர்ந்தது. டம்ளர் அதே டம்ளர். உள்ளே இருந்த காற்றும் ஏறக்குறைய அதே அளவு. ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம் என்றால் உயரம் மாறியிருக்கக் கூடாதே என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே வந்துசேர்ந்தார்கள்.

சுடரின் சூட்டில் காற்று விரிந்து ஒரு பகுதி குமிழியாக வெளியேறிவிடுகிறது, சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது என்பதை அவர்கள் கண்டுகொள்ள நான்கு நாட்கள் ஆயின. காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன் இருந்தாலும் அது 16 சதவீதத்தையொட்டி இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும் என்பதையும், மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு திரும்ப உண்டாகிறது என்பதையும் பின்னர் நூலகத்தில் படித்து அவர்களிடம் சொன்னேன். அந்தக் கணக்கைப் பிள்ளைகள் ஆவலோடு கேட்டார்கள். தாங்கள் கண்ணால் கண்ட ஒன்றுக்கு அது விளக்கமாக அமைந்ததே காரணம். அதே கணக்கை முதல் நாளே கரும்பலகையில் எழுதியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. "அப்படியென்றால் ஐந்தில் ஒரு பங்கு என்பதை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்?" என்று அதே மாணவி கேட்டாள். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதைப் படித்திருந்ததால், சூடு இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பாத்திரம் துலக்கும் கம்பி நாரை ஈரமாக்கிச் சோதனைக் குழாயில் திணித்துத் தண்ணீரில் கவிழ்த்துவைத்தோம். பத்து நாட்கள் ஆகியும் ஒரு துளி துருவும் இல்லை, தண்ணீரும் ஏறவில்லை. அது எவர்சில்வர் நார் என்பதும், அதில் கலந்திருக்கும் குரோமியம் துருவைத் தடுக்கிறது என்பதும் அந்தத் தோல்வியால்தான் எங்களுக்கு உறைத்தது. பிறகு ஒரு மாணவன் தன் மாமாவின் லேத் பட்டறையிலிருந்து இரும்புத் தூளை ஒரு பொட்டலத்தில் மடித்துக் கொண்டுவந்தான். குழாயின் உட்புறத்தை நனைத்து, தூளை ஒட்டவைத்து, தண்ணீரில் கவிழ்த்து, தினமும் காலையில் நூல் கட்டி நீர்மட்டத்தைக் குறித்தார்கள். ஒரு வாரத்தில் 15 சென்டிமீட்டர் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயர்ந்து, அதற்குமேல் அசையாமல் நின்றது. ஐந்தில் ஒரு பங்கு!

ஒரே பாடவேளையில் முடித்திருக்க வேண்டிய அந்தப் பகுதிக்கு மூன்று வாரங்கள் ஆயின. இடையில் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர், ஜன்னல் திட்டில் வரிசையாக நின்ற குழாய்களைத் திரும்பியும் பாராமல், பாடத்திட்டப்படி நான் எத்தனை பாடம் பின்தங்கியிருக்கிறேன் என்பதை மட்டும் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதிச் சென்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவரிடம் இருந்த படிவத்தில் அந்தக் கேள்விக்குத்தான் இடம் இருந்தது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று மதிப்பெண்ணைப் பிரித்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 25 மதிப்பெண் எதற்காக வழங்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். குவிலென்சின் குவியத் தூரத்தைக் காணும் சோதனையில் ஒரு மாணவனுக்கு 16 சென்டிமீட்டர் வந்தது. லென்சின் உறையில் 15 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் தன் அளவை ரப்பரால் அழித்துவிட்டு 15 என்று எழுதினான். நான் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தொலைவுப் பொருளாக அவன் எடுத்துக்கொண்டது மைதானத்துக்கு அப்பாலிருந்த மரத்தை அல்ல. அறையின் மறுபக்கத்தில் மூன்று மீட்டர் தூரத்தில் இருந்த ஜன்னலைத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு அருகிலுள்ள பொருளின் பிம்பம் 15-இல் விழாது, 16-ஐ ஒட்டித்தான் விழும். அவனுடைய கண்ணும் அளவுகோலும் சரியாகவே இருந்தன. சரியாக அளந்த பிள்ளை அதை அழித்துவிட்டுப் பொய்யை எழுதினான், அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றான். "உனக்கு ஏன் 16 வந்தது?" என்ற ஒரு கேள்விக்கு அங்கே மூன்று மதிப்பெண் இருந்திருந்தால், அந்தச் சோதனையில் கற்க வேண்டிய எல்லாவற்றையும் அவன் அந்த ஐந்து நிமிடத்தில் கற்றிருப்பான்.

ஆண்டுதோறும் இதே பருவத்தில்தான், பிப்ரவரி 28 அன்று, தேசிய அறிவியல் நாளும் வருகிறது. 1928-இல் அந்த நாளில் சர் சி.வி. ராமன் அறிவித்த கண்டுபிடிப்பின் நினைவாக 1987 முதல் நாடெங்கும் கொண்டாடிவருகிறோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் என்பதைப் பேச்சுப் போட்டியில் எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் சொல்கிறார்கள். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று ராலே போன்ற பேரறிஞர் சொன்ன விளக்கம் அன்று நிலைபெற்றிருந்தது. ராமன் தம்மிடம் இருந்த நிகோல் பட்டகத்தின் வழியாக, நீர்ப்பரப்பில் படும் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். அப்போதும் நீலம் இருந்தது. அந்தக் கப்பல் தளத்தில் அவர் செய்ததற்கும் என் வகுப்பு மாணவி டம்ளரைப் பார்த்துக் கேட்டதற்கும் தன்மையில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி கேட்க வைப்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதும் ஒரு சாக்குதான். பல பள்ளிகளில் இருக்கும் கருவிகள்கூடக் கண்ணாடி அலமாரியில் பூட்டியே கிடக்கின்றன. ஒரு குடுவை உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் எழுதுவது என்ற அச்சம் ஆசிரியருக்கு. ஒரு மூங்கில் குச்சிக்கு அந்த அச்சம் தேவையில்லை. ஆகஸ்டு கடைசி வாரத்தில் எங்கள் மாவட்டத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும்; சென்னையில் அது ஆகஸ்டு 18-ஐ ஒட்டி நிகழும். மைதானத்தில் குச்சியை நட்டு நிழலை அளக்கச் சொன்னபோது, 12 மணிக்கு மறைய வேண்டிய நிழல் ஏன் இன்னும் இருக்கிறது, கடிகாரம் தவறா என்று பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டார்கள். 12.15-ஐத் தாண்டித்தான் நிழல் குச்சியின் அடியில் ஒடுங்கியது. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம், அது 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்ற சமூக அறிவியல் பாடம் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்க்கிறோம் என்று சொல்லி, வீட்டிலுள்ள பெரியவர்களின் நம்பிக்கையை வகுப்பில் இழிவாகப் பேசும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அது பலன் தராது. பிள்ளை ஆசிரியருக்கும் ஆத்தாவுக்கும் நடுவில் சிக்கித் தவிக்கும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாகச் சென்ற கங்கண சூரிய கிரகணத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரையாண்டு விடுமுறை, மறுநாள் ஊரக உள்ளாட்சித் தேர்தலின் முதல் கட்டம் என்பதால் ஆசிரியர்கள் பலர் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டாம் கட்டத்தில்தான் பணி என்பதால் ஊரில் இருந்தேன். பல வீடுகளில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஆனால் வழக்கம்போல் முற்றத்தில் தாம்பாளம் வைத்துத் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும்போது மட்டும் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை.

பள்ளி திறந்ததும் ஒரு மாணவன் இதை வியப்போடு சொன்னான். நான் மறுக்கவில்லை. "நின்றதைப் பார்த்தாய், சரி. மற்ற நாளில் நிற்காது என்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் இரண்டு பிள்ளைகள் வீட்டிலிருந்து உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கீழ்ப்பூண் தட்டையாக இருந்த உலக்கையைப் பொறுமையாகக் கை எடுத்து எடுத்துச் சமன் செய்தபோது சாதாரண வியாழக்கிழமையன்றும் நின்றது. பூண் தேய்ந்து உருண்டிருந்த உலக்கை எவ்வளவு முயன்றும் நிற்கவில்லை. அந்த மாணவன் வீட்டுக்குப் போய்த் தன் ஆத்தாவையே நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறான், அந்த மூதாட்டியும் நிறுத்திப் பார்த்திருக்கிறார். அறிவியல் மனப்பான்மையையும் ஆய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ(எச்) பிரிவு சொல்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட அந்த வரியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க அந்த உலக்கையைவிட நல்ல துணைக்கருவி எனக்கு வாய்த்ததில்லை.

இவையெல்லாம் ஒரு சில ஆசிரியர்களின் தனிப்பட்ட ஆர்வத்தால் நடப்பவை, அரசுப் பள்ளி முழுமைக்கும் பொருந்தாது என்ற எதிர்வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இந்த வாதத்துக்கு நல்ல மறுமொழி. கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் ஊரக மையமும் அரசுடன் சேர்ந்து தொடங்கிய அந்தத் திட்டம் 1978-இல் மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்தியது. கிராமத்துப் பிள்ளைகள் குழுவாக அமர்ந்து தாங்களே சோதனை செய்து, கண்டதைத் தங்கள் சொற்களில் எழுதினார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு, எளிய பொருட்களால் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தா முக்கோணமும் சதுரமும் கட்டத் தொடங்கியது அந்த மாவட்டத்தில்தான். 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் ஐயங்களைக் கடிதமாக எழுதுவார்கள், அவர்களுக்குப் பதில் கடிதம் வரும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது அவர்கள் தேர்வை மாற்றியதுதான். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைக்கும் தனித் தேர்வு உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லாமல் போனதால் ஆசிரியரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது என்றாலும், சாதாரண அரசுப் பள்ளியில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு 30 ஆண்டுகள் அது நடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நம் மாநிலத்திலும் வித்துகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் ஊர் ஊராகச் செய்துவரும் பணியால் ஆசிரியரானவர்களில் பலரை எனக்குத் தெரியும். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருட்களைக் கொண்டுசேர்க்கிறது; மனமார வரவேற்கிறேன். அங்கு வரும் கருத்தாளர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். சோதனை முடிந்த கையோடு விளக்கத்தையும் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாளாவது அந்தக் கேள்வி பிள்ளைகளோடு வீட்டுக்குப் போகட்டும். விடை சொல்லும் அவசரம் ஆசிரியர்களாகிய எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்த அவசரத்தில்தான் பிள்ளையின் சிந்தனையை நாங்கள் பாதியில் வெட்டிவிடுகிறோம். வினாதலும் வினாயவை விடுத்தலும் மாணவருக்குரிய கடன் என்றுதான் நன்னூல் வகுத்திருக்கிறது. வினாவும் விடையும் ஆகிய இரண்டையும் நாங்களே எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது எழுதிக்கொள்வது ஒன்றுதான்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது புதிய திட்டமும் நிதியும் அன்று. செய்முறைத் தேர்வின் 25 மதிப்பெண்ணில் ஐந்தையாவது, அந்த ஆண்டில் மாணவர் தாமே எழுப்பித் தொடர்ந்து ஆராய்ந்த ஒரு கேள்விக்கு ஒதுக்க வேண்டும். விடை கிடைத்ததா என்பதைப் பாராமல், என்ன பார்த்தார், எப்படிச் சோதித்தார், எங்கே தவறினார் என்பதை அவரே வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு மதிப்பெண் வழங்க வேண்டும். இதற்கென்று இன்னொரு பதிவேட்டையோ இணையத்தில் பதிவேற்றும் வேலையையோ ஆசிரியர் தலையில் ஏற்றினால், ஒரே ஆண்டில் 'மாதிரிக் கேள்விகள் 50' என்ற கைடு கடைக்கு வந்துவிடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. அளவீட்டில் மாணவருக்கு உண்மையில் கிடைத்த எண்ணை எழுதினால் மதிப்பெண் குறையாது என்பதைத் தேர்வு வழிகாட்டுதலிலேயே வெளிப்படையாக அச்சிட வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையைப் பாட அட்டவணையின் கெடுபிடி இல்லாமல் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விட்டுவிடத் தலைமை ஆசிரியர்களுக்கு அனுமதி தர வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலரின் படிவத்தில், "இந்த வகுப்பில் மாணவர்கள் இப்போது எந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்?" என்ற ஒரு வரியைச் சேர்த்தால், ஜன்னல் திட்டில் நிற்கும் குழாய்களை அவரும் நின்று பார்ப்பார்.

வரும் கல்வியாண்டுக்கான செய்முறைத் தேர்வு வழிகாட்டுதல்களை வகுக்கும்போது இவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் பட்டதாரி ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்